கன அடிக் கணக்கு

யானைமலை எங்கே முடிகிறதென்று
சர்வே வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள்.
நரசிங்கத்தில், சகாயமேரி சிஸ்டர் வீட்டு
செப்டிக் டேங்க் குழியின் நாலாவது அடியில்
கடப்பாரை ணங்கென்றபோது
கோடு தப்பென்று தெரிந்தது.
யானை காலை மடக்கிப் படுத்திருக்கிறது,
ஒரு நகம் எங்கள் குழிக்குள்.

இன்னும் ஐந்தடி போகணும்.
வெடிக்கு இங்கே அனுமதி இல்லை,
எனக்கும் அதில் மனமில்லை.
காற்றை வைத்துத்தான் உடைக்கணும்.

உத்தங்குடி வாடகைக் கடையில்
ஹபீப் முகமது மூன்று வண்டியைக் காட்டினார்.
நூறு, நூற்றெழுபது, முந்நூறு,
இட்லிப் பானை எடுத்துக் காட்டுகிற மாதிரி.
"பெருசாவே கொண்டு போங்க மேடம்,
காத்து மிஞ்சுனா கெட்டாப் போகப் போகுது?"

கெட்டுத்தான் போனது, போன வருடம் திருநகரில்.
பெரிய வண்டி, ஒற்றைச் சுத்தியல்.
நாள் முழுக்க டீசலைக் குடித்துவிட்டு
பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்த
வேலையில்லாத மாமனைப் போல
உறுமிக்கொண்டு நின்றது.
அதற்கு முந்தி கருப்பாயூரணியில்
சின்னதை நம்பி இரண்டு சுத்தியலை மாட்டினேன்.
இரண்டும் இருமின.
பாறைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டின.
சாயங்காலம் குழியில் ஒரு சட்டித் தூள்.
மொக்கச்சாமி கூலியை எண்ணாமல் மடித்துக்கொண்டு
"கல்லு மேல தப்பில்லக்கா" என்றார்.
அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

இந்தமுறை டேப்பும் நோட்டுமாய் வந்திருக்கிறேன்.

எல்லோரும் அழுத்தத்தைத்தான் கேட்கிறார்கள்.
மூன்று வண்டிக்கும் அழுத்தம் ஏழு பார்தான்.
எவ்வளவு மூச்சு, எவ்வளவு நேரம்,
வித்தியாசம் அதில் இருக்கிறது.
ஒரு சுத்தியல் நிமிடத்துக்கு அறுபது கன அடி தின்னும்.
மொக்கச்சாமியுடையது தேய்ந்த பழசு, எழுபது.
இரண்டுக்கு நூற்று நாற்பது.
மூன்றாவதாக ஒன்று?
குழி ஆறுக்கு ஆறு,
மூன்று ஆள் நின்றால் முழங்கை முட்டும். வேண்டாம்.

சந்து ஆறடி ஒரு சாண்.
முந்நூறு வண்டி வாசலிலேயே வாபஸ்.
நூற்றெழுபது நுழையும்,
அடிபம்பு முக்கில் திரும்பாது.
ஆக, ரேஷன் கடையோரம் நிறுத்தி
நூற்றைம்பது அடி ஓஸ்.
வளைவுக்கும் நீளத்துக்கும் பதினைந்து போகும்.
சித்திரை வெயிலில் காற்றே இளைத்துவிடும்,
தகட்டில் இருப்பது குளிர்ந்த ஊர்க் கணக்கு.
அதற்கு ஒரு பத்து.
நூற்று அறுபத்தைந்து.
மிச்சம் ஐந்து என்று எழுதி
கீழே ஒரு கோடு இழுத்தேன்.
ஹபீப் எட்டிப் பார்த்தார்,
"அஞ்சுக்கெல்லாம் கோடா?"

காலை ஒன்பதுக்கு ஓஸ் விறைத்தது.
முப்பது வருடம் பெரியாஸ்பத்திரியில் நாடி பார்த்த சிஸ்டர்
இரண்டு விரலை அதன்மேல் வைத்து
"எவ்வளவு?" என்றார்.
"ஏழு."
"மேலயா, கீழயா?"
மொக்கச்சாமி குழிக்குள்ளிருந்து சிரித்த சத்தம்
அடுத்த நொடி சுத்தியலில் அடங்கியது.

முக்கு வீட்டில் ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்தவர்
கைலியோடு எழுந்து வந்தார்.
சண்டைக்கென்று நான் முதுகை நிமிர்த்தினேன்.
ஓஸைத் தாண்டி நின்று, வண்டிச் சத்தத்தைக் கேட்டு,
"மூச்சு வாங்காம ஓடுது" என்றார்.
பிறகு, "எத்தன நாளு?"
மூன்று என்றேன். நாலு ஆகும்.
காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

நகம் பன்னிரண்டரைக்கு விரிசல் விட்டது.
மெல்லிய, மயிரளவு கோடு.
வரைபடத்தில் அது இல்லை.

ஓஸைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
மூன்றாவது கப்ளிங்கில் ஸ்ஸ்ஸென்று
என் ஐந்து கன அடி போய்க்கொண்டிருந்தது.
மேலே கொடியில் யாருடையதோ ஈரப் பாவாடை
அந்தக் காற்றில் மட்டும் ஆடியது.
ஸ்பேனர் கையில் இருந்தது.
அது காயட்டும் என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.